மஞ்சள் வைத்த பிறகு மாற்றித் தரப்படாது

எங்கள் ஊரில் சைக்கிள் உடைகள்தான் கடைக்கு வந்து ஆட்களைப் போட்டுப் பார்த்து எடுத்துக்கொண்டு போகும். நான் காந்திபுரத்தில் குப்புராஜ் அண்ணன் கடையில் எட்டு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். ஹேங்கர் ஒன்றும் தோளை உறுத்தாது. மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்தால் தூக்கம்கூட வரும்.

என் பெயர் நாச்சிமுத்து, வயது நாற்பத்தேழு. பம்ப் செட் கம்பெனியில் தரப் பரிசோதகன். ஒரு தண்டு அரை மில்லிமீட்டர் கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன், அவ்வளவு கறார். ஆனால் என் அளவு என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் கழுத்தில் மூன்று சீட்டுகள் தொங்கின. பருந்து கம்பெனி என்னை மீடியம் என்றது. ரொசாரியோ கம்பெனி டபுள் எக்ஸெல் என்றது. மேகலா ஸ்போர்ட்ஸ், மேலே ஸ்மால், கீழே எக்ஸெல் என்று எழுதி, நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது. அந்தக் கேள்விக்குறி என் தொப்பை. எந்தக் கம்பெனி ஜெர்சிகள் வருகின்றனவோ அந்த வரிசைக்கு அண்ணன் என்னை மாற்றி மாட்டுவார். மீடியம் வரிசையில் இருக்கும்போது தலைக்கனம் ஏறி யாரோடும் பேசமாட்டேன். டபுள் எக்ஸெல் வரிசைக்குப் போனால், இங்கே நான்தான் ஒல்லி என்று அங்கேயும் பேசமாட்டேன். எட்டு மாதத்தில் எனக்கு ஒரு நண்பன்கூட அமையவில்லை.

என் மனைவி கோகிலாமணியும் நானும் ஒரே நாளில் கடைக்கு வந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து ஹேங்கர். அன்று சாயங்காலமே ஒரு நீல ஜெர்சி வந்து அவளைப் போட்டுப் பார்த்தது. அளவெடுத்துத் தைத்தது போலிருக்கிறது என்று கண்ணாடி முன்னால் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதிலிருந்து அவளுக்கு ஞாயிறுதோறும் சிறுவாணி ரோட்டில் முப்பது கிலோமீட்டர். சனிக்கிழமைகளில் நீல ஜெர்சியிடம் சொல்லி என்னைப் பார்க்க வருவாள், கையில் சைக்கிள் மணியோடு. பேரூர் தாண்டியதும் ஒரு காற்று வரும் என்பாள். நீங்களும் பக்கத்தில் வந்தால் நன்றாக இருக்கும் என்பாள். எனக்கு இருந்ததும் அந்த ஒரே ஆசைதான்.

என்னைப் போட்டுப் பார்க்க ஆளில்லாமல் இல்லை. ஒரு ஆரஞ்சு ஜெர்சி ஜிப்பைத் தொப்புள் வரை ஏற்றிவிட்டு அங்கேயே நின்று மூச்சு வாங்கியது. ஒரு கறுப்பு ஜெர்சிக்கு என் தோள் லூஸ். தோள்வார் வைத்த கால்சட்டை ஒன்று என்னைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தது, பிறகு நிமிர முடியவில்லை. குப்புராஜ் அண்ணன் வந்துதான் எங்களைப் பிரித்தெடுத்தார். குறை என்னிடமா, கம்பெனிகளிடமா என்று அன்றைக்கு அவரிடம் கேட்டே விட்டேன்.

"எல்லாக் கம்பெனிக்காரங்களும் செரியாத்தானுங்க போடறாங்க. நீங்கதான் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கறீங்க" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது.

ஆடி பிறந்தது. என்னை ஹேங்கரிலிருந்து இறக்கி, வாசலில் தள்ளுபடி மேசையில் குவியலோடு குவியலாகப் போட்டார்கள். எனக்குக் கீழே ஒரு பல் டாக்டர், மேலே இரண்டு வாத்தியார்கள். மூன்றாவது வாரம், டாக்டரை எடுத்தால் நான் இலவசம் என்று அட்டை வைத்தார்கள். ஒரு மஞ்சள் ஜெர்சி டாக்டரை எடுத்தது. என்னைப் புரட்டிப் பார்த்து, வீட்டில் வைக்க இடமில்லை என்று சொல்லிவிட்டது. ஆடி முடிந்தும் மிஞ்சுகிறவர்களை சைக்கிள் மெக்கானிக்குகளுக்குச் செயின் துடைக்கக் கொடுத்துவிடுவது கடை வழக்கம். அந்தச் சனிக்கிழமை கோகிலா மேசையருகே நின்றாள். காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ஆடிக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பத்து இருபத்தைந்துக்கு ஒரு பச்சை ஜெர்சி அரக்கப்பரக்க வந்தது. பருந்து கம்பெனி, மீடியம். பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும் என்பதால் அது டிரையல் ரூம் பக்கமே போகவில்லை. என் கழுத்துச் சீட்டைப் படித்தது. முதுகுப் பையிலிருந்து மஞ்சளை எடுத்தது. புதிதாக எடுப்பதற்கு ஓரத்தில் மஞ்சள் வைக்க வேண்டுமே, என் காது மடலில் வைத்தது. அதற்குப் பிறகுதான் போட்டுப் பார்த்தது. ஜிப் தொப்புளில் நின்றது.

"ஏனுங்க, மீடியம்னுதான போட்டிருக்குது?"

"போட்டிருக்குதுங்க. ஆனா மஞ்ச வெச்சுட்டீங்களே, இனி மாத்த முடியாதுங்க. உப்புத் தண்ணியில ஊற வைங்க, சுருங்கிக்குவாரு."

பச்சை ஜெர்சி என்னைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு பக்கெட்டில் கல்லுப்புப் போட்டு ஊற வைத்தது. கொஞ்சம் சாயம் போயிற்று. என் மீசையின் கறுப்பு வெறும் மைதான் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு பிழியாமல் நிழலில் உலர்த்தி, சனிக்கிழமை மத்தியானம் போட்டுப் பார்த்தது. ஜிப் கழுத்து வரை வழுக்கிக்கொண்டு ஏறியது. தோள் தோளில் நின்றது. நாற்பத்தேழு வருஷத்தில் முதல் முறையாக நான் ஒன்றுக்குச் சரியாக இருந்தேன். அழுகை வந்தது. ஈரம் பட்டு மறுபடியும் சுருங்கிவிடக் கூடாதே என்று அடக்கிக்கொண்டேன்.

பச்சை ஜெர்சி வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்தது.

"இவ்வளவு நல்லா அமைஞ்சிருக்குது, இதப் போயி ரோட்டுல அழுக்காக்கறதா? விசேஷத்துக்கு வெச்சுக்கலாம்" என்றது.

என்னை நான்காக மடித்து, அந்துருண்டை போட்டு பீரோவில் வைத்தது. அடுத்த விசேஷம் தீபாவளி.

சாயங்காலம் கோகிலா நீல ஜெர்சியோடு தேடிக்கொண்டு வந்தாள். பீரோவைத் திறந்து என் மடிப்புகளைப் பார்த்தாள். தீபாவளி வரைக்கும் எப்படி இருப்பீர்கள் என்று கேட்டாள். மடிப்புக் கலையாமல் இருந்தால் போதுமாம் என்றேன். அவள் நீல ஜெர்சியின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் அக்குள்கிட்ட கொஞ்சம் பிடிக்குதுங்க" என்றாள்.

அது பொய். அவளைப் போல் பொருந்தியவர்கள் இந்த ஊரிலேயே கிடையாது. நீல ஜெர்சி மறுபேச்சில்லாமல் அவளைக் கழற்றி, மடித்து, என் பக்கத்தில் வைத்தது. பச்சை ஜெர்சி அவளுக்கும் ஒரு அந்துருண்டை போட்டுக் கதவைச் சாத்தியது.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு ஜெர்சிகள் இரண்டும் யாரையும் போட்டுக்கொள்ளாமல் சைக்கிளில் கிளம்பிப் போயின. மடிந்திருந்தாலும் எங்கள் கால்களுக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. கோகிலா மிதிக்க ஆரம்பித்தாள். நானும் மிதித்தேன். பீரோ முதலில் முனகியது, அப்புறம் வாசற்படி இறங்கியது. பேரூர் தாண்டியதும் கதவிடுக்கில் அந்தக் காற்று வந்தது, அவள் சொன்னதைவிட நன்றாகவே இருந்தது. மாதம்பட்டிக்குப் பக்கத்தில் நீலமும் பச்சையும் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன. கோகிலா மணியடித்தாள். இரண்டும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டன.