நான்காம் படி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் தம்பி, தம்பியின் மனைவி, அவர்கள் மகள். ஐந்தாவது ஆள் மடிக்கணினித் திரையில்: மகளோடு சேர்ந்து கட்டுரை எழுதிய தோழி. இதைப் பற்றிப் பிறகு பேசியவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

தம்பி மகள் குவாண்டம் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டிரண்டு ஆண்டு ஒப்பந்தமாக மூன்று ஊர்கள், மூன்று வாடகை அறைகள்; நாங்கள் உட்கார்ந்திருந்தது மூன்றாவதில். சுவரோரம் கிடந்த அட்டைப்பெட்டிகளில் இரண்டை இந்த ஊரில் அவள் பிரிக்கவே இல்லை. ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருந்தது. மறுநாள் காலை நேர்காணல்: ஐந்தாண்டு ஆய்வுப் பணி, அவளுக்குக் கீழே ஓர் ஆராய்ச்சி மாணவர். இறுதிச் சுற்றில் இரண்டே பேர். கிடைத்த மாதிரிதான் என்று உறவினர் நான்கு பேரிடம் நான் சொல்லியும் விட்டேன்.

அவளுடைய விண்ணப்பம் முழுக்க ஒரே கட்டுரையை நம்பி நின்றது. குவாண்டம் கணினியில் வைத்த தகவலை இரைச்சல் கெடுத்துவிடும். இன்ன விதமாக அடுக்கினால் கெடாது என்று கணக்கால் நிறுவிய கட்டுரை. அன்று மதியம் எங்கள் முன்னால் ஒத்திகை பார்த்தவள் பாதியில் நின்றுவிட்டாள். அடுத்தடுத்த துகள்களைத் தாக்கும் இரைச்சல்களுக்குள் தொடர்பே இல்லை என்று கணக்கின் நான்காம் படியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். தொடர்பு இருந்தால்தான் ஒன்பதாம் படி நிற்கும். இரண்டு ஆண்டுகளாக இருவர் கண்ணிலும் அது படவில்லை.

"ஒட்டுப் போட முடியாதாம்மா?" என்றான் தம்பி.

"துணி இருந்தாத்தானே அங்கிள் ஒட்டுப் போட," என்றாள் திரையில் இருந்தவள்.

கட்டுரை இணையத்தில் எல்லாரும் படிக்கும் பொதுத் தளத்தில் இருந்தது. அங்கே போட்டதை அழிக்க முடியாது. திரும்பப் பெறலாம், ஆனால் பெயரும் காரணமும் என்றைக்கும் அப்படியே நிற்கும். எங்கள் வீட்டுப் பெயர் அப்படி நிற்பதில் எனக்குச் சம்மதமில்லை.

"ரெண்டு நாள் பொறு. நாளைக்கு முடியட்டும், அப்புறம் எடுத்துக்கோ," என்றேன்.

"அப்புறம்னா எப்போ பெரியப்பா? எங்கிட்ட சேர்ற பொண்ணோ பையனோ முதல் நாள் இந்த நாலாம் படியிலேருந்துதான் ஆரம்பிக்கணும். விண்ணப்பத்துல நானே அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கேன். அவங்க மூணு வருஷம் போயிடும்."

"வேலையில சேர்ந்ததும் சொல்லிடு."

"மறைச்சு வாங்கிட்டு, வாங்கினப்புறம் சொல்றதா? நம்ம வீட்டுல அதுக்கு என்ன பேரு?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபப்படத் தெம்பில்லாத குரல்.

தம்பி மனைவி என்னிடம் நேரே பேசுவதில்லை. கணவனிடம் சொன்னாள்: "உங்க அண்ணன் நாலு பேருக்குத் தண்டோரா போட்டுட்டாரு, அந்தக் கவலை அவருக்கு. இவ காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல, அது யார் கண்ணுலயும் படல."

கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பைத் தம்பி மகள் தட்டச்சு செய்து எங்களுக்கும் திரைக்குமாகப் படித்துக் காட்டினாள். 'நான்காம் படியில் உள்ள ஒரு சிறு பிழை காரணமாக' என்று தொடங்கியது.

"சின்னதா அது?" என்றேன்.

"இல்ல."

"முடிவு நிக்குதா?"

"நிக்கல பெரியப்பா."

"அப்போ அந்தச் 'சிறு'வை எடு. நம்ம பேர் போட்டு நிக்கப் போறது. சரியா இருக்கணும்."

எடுத்தாள். தோழி சரி என்றாள். அதே வாசகம் தேர்வுக் குழுவுக்கும் போனது. பிறகுதான் ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, நாளைக்கு எதைப் பற்றிப் பேசுவது என்று திரையைப் பார்த்துக் கேட்டாள்.

நேர்காணலுக்குப் போனாள். நாற்பது நிமிடம், பெரும்பாலும் எங்கே தவறினோம் என்பதைப் பற்றியே பேசினாளாம். இடம் மற்றவருக்குப் போனது. மூன்று வரிக் கடிதம் வந்தது, மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். பிரிக்காத இரண்டு பெட்டிகளோடு இப்போது இன்னும் மூன்று சேர்ந்திருக்கின்றன. எந்த ஊருக்கு என்று தெரியவில்லை.

நான் முந்திக்கொண்டு சொன்ன அந்த நான்கு பேரில் ஒருவர், அவள் அடுத்தவர் கட்டுரையைத் திருடி மாட்டிக்கொண்டாள், அதனால்தான் வேலை போனது என்று சொல்லி வருகிறார். திருடவில்லை. கணக்கு தவறு. அதைக் கண்டுபிடித்தவளும் எழுதிக் கொடுத்தவளும் அவளேதான்.