முகமில்லாத தூண்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மாட்டிடமிருந்து கிடைத்தது. உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெடுந்தீவு வெளியில் நட்டிருந்த ஒரு கல்லில் பசுவொன்று கண்ணை மூடிக்கொண்டு முதுகை உரஞ்சியது. அந்தச் சுகத்தைப் பார்த்ததும், இதனால் யாருக்காவது வேலை போயிருக்குமோ என்று தோன்றியது. எழுதுகிறவன் புத்தி அப்படித்தான் போகும்.

"1944ஆம் ஆண்டு மாசி மாதம், கடல் அமைதியாக..." வேண்டாம். கடல் எப்படி இருந்தால் என் கதாநாயகிக்கென்ன?

"மனோகரி கெட்டிக்காரி." இது போதும்.

2

மனோகரி வேலணைத் தீவுக்காரி. படித்தது இடைக்காலச் சிற்பக்கலை வரலாறு. (அது என்ன படிப்பு என்று கேட்ட சொந்தக்காரருக்கெல்லாம் தகப்பன் முருகேசு, "கல்லுப் படிக்கிறாள்" என்று சொல்லிச் சமாளித்தார்.) தீவுகளிலிருந்து போன மூன்று கோயில் தூண்களைக் கொழும்பு அருங்காட்சியகக் களஞ்சியத்தில் கண்டாள். ஒவ்வொன்றிலும் ஓர் அம்மன். காற்சிலம்பு மணிமணியாகத் தெரிந்தது. இடுப்பும் முகமும் வழுவழுவென்று வெறுமையாக இருந்தன. எண்ணூறு வருடத்துக்கு முந்திய தீவகச் சிற்பிகள், தெய்வத்துக்கு முகம் வைக்க அஞ்சி வேண்டுமென்றே விட்டார்கள் என்று கட்டுரை எழுதினாள். நல்ல கட்டுரை. நானே நம்பிவிட்டேன்.

அந்தக் கட்டுரையை நம்பித்தான் அவளை விரிவுரையாளர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நேர்முகப் பரீட்சை அடுத்த மாதம். அந்த வேலைக்கு அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

[அடிக்குறிப்பு: மாடு உரஞ்சுவதற்குக் கல் நடுவது தீவுகளில் பெரிய தருமம். ஆவுரஞ்சிக்கல் தெரியாத வேலணைக்காரி உண்டா என்று கேட்பீர்கள். இல்லைத்தான். ஆனால் இலக்கம் ஒட்டிச் சுவரோரம் நிறுத்தியிருக்கும் கல்லைப் பார்த்து நீங்கள் மாட்டை நினைப்பீர்களா?]

3

அவற்றில் ஒரு தூண் முன்பு நின்ற இடத்தைப் பார்க்க, விடுமுறையில் நெடுந்தீவுக்கு வள்ளம் ஏறினாள். மாடு வந்துவிடக் கூடாதென்று நான் அவளை மூன்று பக்கம் சுற்றவிட்டேன். மழையும் பெய்வித்தேன். அவள் நனைந்தபடி ஒரு... (அடித்துவிட்டேன்.) எல்லாம் வீண். பார்க்காமல் திரும்புகிற ஆள் இல்லை அவள்.

மாடு வளர்க்கும் குழந்தைவேலு இடத்தைக் காட்டினார். பழைய குழியில் புதுக் கல்லொன்று நின்றது.

"கொழும்பு ஆக்கள் பழசைக் கிளப்பிக்கொண்டு போட்டினம், பிள்ளை. மாடுகள் பாவமெண்டு இதை நான் நட்டனான்."

ஒரு பசு வந்தது. இனி என்ன செய்ய? அம்மன் முகம் இருக்க வேண்டிய உயரத்தில் உரஞ்சத் தொடங்கியது. இடிந்த கோயில் தூணை எந்தப் புண்ணியவானோ மாட்டுக்கென்று நட்டிருக்கிறான், முகத்தை அழித்தது மாடு என்பது மனோகரிக்கு உடனே விளங்கியது. எழுதின கட்டுரை நினைவுக்கு வந்தது. சிரிப்பும் வந்தது.

4

முடிவு அ: கட்டுரை பிழையென்று எழுதிக் கொடுக்கிறாள். கிடைக்கவிருந்த வேலை போகிறது.

முடிவு ஆ: வாய் திறவாமல் பேராசிரியை ஆகிறாள். மாடு வந்து சாட்சி சொல்லவா போகிறது?

முடிவு இ: மாடுகளையும் சேர்த்துப் புதுக் கட்டுரை எழுதிப் புகழடைகிறாள். எனக்குப் பிடித்தது இதுதான். ஒருவருக்கும் நட்டமில்லை, அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.

நான் இப்படித் தடுமாறிக்கொண்டிருக்கையில் குழந்தைவேலு கேட்டுவிட்டார்.

"எங்கடை கல்லைப் பற்றி எழுதினதெண்டு சொன்னீர். என்ன எழுதினனீர்?"

"முகம் செதுக்காமல் விட்டவை எண்டு எழுதினனான், அண்ணை. பிழை. மாடுதான் தேய்ச்சிருக்கு."

"கொழும்பிலையும் அப்பிடிச் சொல்லுவீரோ?"

"ஓம். சொல்லத்தான் வேணும்."

என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டாள். கதை முடிந்ததென்று பேனாவை மூடப் போனேன். குழந்தைவேலு விடவில்லை.

"அப்ப அந்தக் கல்லைத் திருப்பித் தரச் சொல்லும், பிள்ளை. இது சொரசொரப்பு. மாட்டின்ரை தோலைக் கீறுது."

மனோகரிக்குக் கொழும்புத் தூண் கண்ணில் நின்றது. அதில் மிஞ்சியிருப்பது காற்சிலம்பு மட்டும். கல் இங்கே திரும்பினால் அதையும் தேய்த்து அழிக்க, அந்த உயரத்துக்குக் கன்றுகளே போதும்.

வேலையை அவள் விட்டுக்கொடுப்பாள், அது எனக்குத் தெரிந்துவிட்டது. கல்லை விட்டுக்கொடுப்பாளா? தெரியவில்லை. அவளைப் படைத்தவன் சொல்கிறேன், தெரியவில்லை. நீங்கள் ஒரு பதில் சொல்லுங்கள். கெதியாகச் சொல்லுங்கள், அந்த மனிசன் மாடுகளுக்குத் தண்ணி காட்டப் போகவேண்டும்.