ஆள் அளவு: 4

1

இந்தக் கதை எனக்கு ஒரு வேப்பமரத்தடியில் கிடைத்தது. விஸ்வநத்தம் பக்கம் ஒரு நகர் இருக்கிறது. உண்மைப் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் சங்கத்துக்காரர்கள் என் வீடு தேடி வருவார்கள். பொன்மாரி நகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு வீட்டுக்கு வெளியே, கேட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு பொம்பளை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டு மடியில். சோற்றில் வேப்பிலை விழாமல் இடது கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். வீடு திறந்துதான் கிடந்தது. உள்ளே டிவி ஓடிய சத்தம் கேட்டது. ஏம்மா இங்கன உட்கார்ந்து சாப்பிடுறே என்று கேட்டேன்.

"உள்ள ஆளு நெறஞ்சிருச்சுய்யா" என்றாள்.

அம்புட்டுத்தான். அந்த ஒரு வரி நிசம். மிச்சமெல்லாம் நான் போட்டது, அருணாதேவி என்று அவளுக்கு வைத்த பெயர் உட்பட. நான் யாரையும் நம்புகிறவன் இல்லை, அதனால் என்னை நம்புங்கள் என்று உங்களிடமும் கேட்க மாட்டேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

[அந்தி மயங்கும் வேளையில், மண்ணின் மணம் கமழ, அருணாதேவி என்னும் நங்கை]

அடித்துவிட்டேன். அங்கே ஒன்றும் கமழாது. சாக்கடை அள்ளாத வாரம் சாக்கடை நாறும், அள்ளின வாரம் கந்தக வாடை வரும். அடுத்து:

[பொன்மாரி நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் ஜெயபாண்டி ஒரு கிறுக்கர்.]

எழுதும்போது கைக்குச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் வரியிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டால் அப்புறம் எதுக்கு உட்கார்ந்து எழுதுவது. அதோடு, அவர் கிறுக்கர் இல்லை. அது பின்னாடி வரும். மூணாவது:

[அருணாதேவி வேலை முடிந்து வந்தபோது வீட்டுக்குள் நாலு பேர் இருந்தார்கள்.]

இது நிற்கும். ஆனால் நாலு பேர் இருந்தால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்பீர்கள். கேட்கணும்.

2

நகரில் முப்பது வீடு சொச்சம். சங்கம் என்றால் பெரிய சங்கமில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று மனு எழுதுவது, தண்ணீர் மோட்டார் போடுவது, சாக்கடை அள்ள ஆள் பிடிப்பது, கடித்த நாய் யாருடையது என்று சண்டை போடுவது. இப்படி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் தலைவர் ஞானசீலன் வாத்தியார் வீட்டில் கேஸ் டியூப்பில் தீப்பிடித்தது. ஈரச்சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டார்கள். ஆனாலும் நகருக்கே ஈரக்குலை நடுங்கிவிட்டது. பாதுகாப்புக்கு ஏதாவது செய்யணும் என்று கூட்டம் போட்டு ஜெயபாண்டி அண்ணாச்சியைச் செயலாளராக்கினார்கள். அவர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாகவே காலத்தைக் கழித்து வெளியே வந்தவர். பாதுகாப்பு என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே பாதுகாப்புத்தான்.

நகர் மாறிப்போனது. வீட்டுக்கு வீடு சிவப்பு வாளியில் மணல். வாசலில் செம்புத் தகடு. அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகணும், உடம்பில் ஏறின கரண்ட் இறங்கணுமாம். நைலான் துணி கூடாது, உரசினால் பொறி வரும். நைட்டிகளெல்லாம் பெட்டிக்குப் போயின. அதற்குப் பொம்பளைகள் பேசின பேச்சை எழுத என் கை கூசுகிறது. கொசுவத்தி கூடாது. அடுப்புக்கு மட்டும் விலக்கு, செயலாளரும் சாப்பிட்டாக வேண்டும். இடி இடித்தால் அண்ணாச்சி விசில் ஊதுவார், எல்லாரும் வீட்டை விட்டு வெளியே வந்து வெட்டவெளியில் நிற்கணும். கம்பெனியில் வெடிமருந்து இருக்கிற அறைக்குள் இடிநேரத்தில் ஆள் இருக்கக் கூடாது. வீட்டில் மருந்து ஏது என்று ஒருத்தர் கேட்டாராம். இல்லேன்னு எனக்கு எப்படித் தெரியும் என்றாராம் அண்ணாச்சி.

கடைசியாக ஆள் அளவு. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: பட்டாசு வேலை நடக்கிற அறைச் சுவரில், உள்ளே இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று சிவப்பில் எழுதியிருக்கும். நாகையா என்ற பெயின்டரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் 'ஆள் அளவு: 4' என்று எழுத வைத்தார்.

(நாகையா நானில்லை. நானும் கம்பெனிச் சுவர்களில் எழுதியே கை ஒடிந்தவன்தான், எட்டாங்கிளாசைத் தாண்டாதவன்தான். அதுக்காக ஊரில் இருக்கிற பெயின்டரெல்லாம் நானாகிவிட முடியுமா.)

பட்டாசுத் தொழில் இல்லாத காரியாபட்டியில் போய் ஒரு வீட்டுச் சுவரில் இப்படி எழுதிப் பாருங்கள், எழுதினவன் கையை முறித்து அனுப்புவார்கள். இங்கே முறிக்க மாட்டார்கள். இங்கே சுவரில் சிவப்பாக ஒரு எண் இருந்தால், ஆள் வாசலில் நின்று தலையை எண்ணிவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பான். அது காலுக்கே பழகிவிட்டது. வாத்தியார் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அவரும் அவர் சம்சாரமும் போக இரண்டு பேர் உள்ளே, மிச்சப் பேர் ஜன்னலுக்கு வெளியே நின்று ஆமென் சொன்னார்கள். ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன், இதுவரைக்கும்.

3

அருணாதேவி வீட்டில் ஐந்து பேர். தம்பி பாண்டிச்செல்வம், அவன் பெண்டாட்டி பாண்டிலட்சுமி, இரண்டு பொம்பளைப் பிள்ளைகள், அருணாதேவி. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று ஒரு பக்கம் எழுதினேன், கிழித்துப் போட்டேன். அது அவள் சங்கதி.

யார் ஐந்தாவது என்று அந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. கடைசியாக வருகிறவர் வெளியே இருக்கட்டும் என்று பாண்டிலட்சுமி பொதுவாக ஒரு வழி சொன்னாள். நியாயமான வழி. யார் பெயரும் அதில் இல்லை. ஆனால் அருணாதேவிக்கு ஒரு பிரஸ்ஸில் காலண்டருக்குத் தகரம் அடிக்கிற வேலை. சீசன் நேரம். அவள் வருவதற்குள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும், தம்பி வந்திருப்பான், தம்பி பெண்டாட்டி போவதே இல்லை. தினமும் அவள்தான் கடைசி.

ராத்திரி எங்கே படுப்பாள் என்று கேட்பீர்கள். வண்டி நிறுத்துகிற போர்டிகோ ராத்திரியில் மட்டும் கணக்கில் வராது என்று அண்ணாச்சி பெரிய மனசு பண்ணியிருந்தார். அங்கே கட்டில். கொசுவத்தி கிடையாது. போர்வையைக் காதோடு இழுத்து மூடிக்கொண்டு படுப்பாள்.

தம்பி கெட்டவன் இல்லை. தட்டை அவனே கொண்டுவந்து கொடுப்பான். கொடுத்துவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்து, "காத்து நல்லா வருதுல்லக்கா" என்பான். பாண்டிலட்சுமி ஜன்னல் வழியாக, கொழம்பு பத்துதா மதினி என்று கேட்பாள். பத்தும் என்பாள் இவள். வெளியே வந்து சேர்வதற்குள் சோறு ஆறியிருக்கும்.

இந்த அருணாதேவி மேல்தான் எனக்குச் சந்தேகம். இவள் ஏன் சண்டை போடவில்லை? அந்த வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினபோது கூட நின்றவள். சுவர் எழும்பின காலத்தில் வேலைக்குப் போகும் முன்னால் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சுவரை நனைத்தவள். ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போட வைத்துப் பார்த்தேன்:

[அருணாதேவி தட்டை வீசியெறிந்தாள். "இது எங்கப்பன்]

வரவில்லை. அவள் வாயில் அது நிற்கவில்லை. சண்டை போட்டால் ஒருத்தர் வாயைத் திறந்து, நீதான் கூடுதல் என்று சொல்லிவிடுவார்கள். வெளியே உட்கார்ந்திருக்கும் வரைக்கும் அது சுவரில் எழுதின எண்ணின் குற்றம். சொல்லிவிட்டால் வீட்டின் குற்றம் ஆகிவிடும். அதற்குப் பயந்துதான் ஆறின சோற்றைத் தின்றாள். இது நான் கண்டுபிடித்தது இல்லை. தட்டை மறைத்த அந்த இடது கையைப் பார்த்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

4

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்தது. அருணாதேவி தெரு முனையில் திரும்பும்போது முதல் இடி. அண்ணாச்சி விசிலை ஊதினார்.

முப்பது வீடும் வெளியே வந்தது. நடு ரோட்டில், மரத்தை விட்டுத் தள்ளி, குடையும் சாக்கும் முறமுமாக நின்றார்கள். வாத்தியார் பைபிளைப் பாலிதீன் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்திருந்தார். ஒருத்தி குக்கரோடு வந்திருந்தாள், மூணாவது விசில் வருவதற்குள் அடுப்பில் விட்டுவிட்டு வர மனசில்லையாம். பாண்டிச்செல்வம், பாண்டிலட்சுமி, பிள்ளைகள் ஒரே குடையில். மழை பிடித்துக்கொண்டது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் வீடுகள் உள்ளே காய்ந்து கிடந்தன, ஆட்கள் நனைந்துகொண்டிருந்தார்கள்.

அருணாதேவி நடந்து வந்தாள். தன் வீட்டு வாசலில் நின்றாள். கதவு திறந்து கிடந்தது. வழக்கப்படி உள்ளே எட்டிப் பார்த்து எண்ணினாள். அண்ணாச்சி ஓடிவந்தார்.

"இடி விழுகுது ஆத்தா, உள்ள போகக் கூடாது."

"உள்ள எத்தன பேரு அண்ணாச்சி?"

"யாருமில்ல."

"அப்பச் சரி" என்றாள். செம்புத் தகட்டைத் தொட்டாள். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

ஈரக் காலைத் துடைத்தாள். சோற்றுப் பானையைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. தட்டு நிறையப் போட்டுக்கொண்டு, பழைய இடத்தில், அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். விரல் சுட்டது. ஊதி ஊதிச் சாப்பிட்டாள்.

மழை விட்டது. அண்ணாச்சி இன்னொரு விசில் ஊதினார். எல்லாரும் எண்ணிக்கொண்டு உள்ளே போனார்கள். இந்த வீட்டு வாசலில் மட்டும் நாலு பேர் நின்றார்கள்.

"அக்கா, தாப்பாளத் தெற. பிள்ளைக நனைஞ்சு நிக்குதுக."

"எத்தன பேரு?" என்று ஜன்னலிலிருந்து கேட்டது.

"என்னக்கா கேள்வி இது. நாங்க நாலு பேருந்தான்."

"அப்ப ஒரு ஆளு கூடுதலா இருக்கே செல்வம்."

பாண்டிச்செல்வம் பெண்டாட்டியைப் பார்த்தான். பாண்டிலட்சுமி சுவரைப் பார்த்தாள். கடைசியாக வருகிறவர் வெளியே என்று சொன்ன வாய் அது, இப்போது மூடியிருந்தது. அண்ணாச்சி விரலால் எண்ணினார். உள்ளே ஒன்று. மூணு பேர் போகலாம் என்றார். ஒருத்தரும் அசையவில்லை. முதலில் அசைகிறவர் யாரையோ கூடுதல் என்று சொன்னதாக ஆகிவிடும்.

வாசலில் நிற்கிற பகுதி

ஆள் அளவு 4 என்று எழுதிவிட்டு நான் ஐந்தாவது பகுதி போட்டால் நன்றாக இருக்காது. அதனால் இதற்கு நம்பர் கிடையாது, வெளியே நிற்கட்டும்.

முடிவு ஒன்று எழுதினேன். அருணாதேவி கதவைத் திறக்கிறாள், ஐந்து பேரும் உள்ளே போகிறார்கள், ஒன்றும் வெடிக்கவில்லை, எல்லாரும் சிரிக்கிறார்கள். உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்ததால் அதை நான் நம்பவில்லை. நாளைக்கும் அவள் கடைசியாகத்தானே வருவாள்?

முடிவு இரண்டு. [ஐந்தாவது ஆள் காலை வைத்ததும்]

இல்லை. அந்த முடிவை இந்த ஊரில் ஒருத்தன் விளையாட்டுக்கு எழுதக் கூடாது. அண்ணாச்சி வேலை பார்த்த கம்பெனியில் ஒரு அறை இருந்தது. சுவரில் 'ஆள் அளவு: 4' என்று நாகையாதான் எழுதினான். ஆர்டர் நெருக்கடியில் அன்றைக்கு உள்ளே ஏழு பேர். போர்மேன் எண்ணினார், எண்ணிவிட்டு மேனேஜர் முகத்தைப் பார்த்தார், பேசாமல் நகர்ந்தார். மறுநாள் நாகையா போய்ப் பார்த்தபோது அறை வெடித்துப் போய் அந்த ஒரு சுவர் மட்டும் நின்றது, எழுத்து அழியாமல். அப்போது விட்ட எண்ணிக்கையைத்தான் அவர் இப்போது முப்பது வீட்டில் எண்ணிக்கொண்டு திரிகிறார். இதைத்தான் பின்னாடி வரும் என்று சொன்னேன். இனி அவரைப் பார்த்து என்னால் சிரிக்க முடியாது. அதுக்காக அருணாதேவி மரத்தடியில் தின்ன வேண்டும் என்றும் ஆகாது.

முடிவு மூணு: நாகையாவைக் கூப்பிட்டு நாலை அழித்து ஐந்து போடச் சொல்வது. கூப்பிட்டேன். டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்து நிற்கிறான். மழையில் நனைந்த சுவரில் எனாமல் பிடிக்காது, காயட்டும் என்கிறான். நான் சொன்னால் எழுதுவான். ஆனால் எண்ணைப் பெரிசாக்கிவிட்டால், அவளைக் கூடுதல் என்று நினைத்தது இல்லாமல் போய்விடுமா?

எனக்குத் தெரியவில்லை. ஆனால் இப்போதுதான் ஒன்று கவனிக்கிறேன். அவள் தாழ்ப்பாள் போட்டபோது நாமும் உள்ளே இருந்தோம். இல்லாவிட்டால் சோற்று ஆவி முகத்தில் அடித்தது நமக்கு எப்படித் தெரியும்? அவள் ஒன்று, நான் இரண்டு, நீங்கள் மூணு. அண்ணாச்சி எண்ணினது தப்பு. வாசலில் நிற்கிற நாலு பேரில் ஒருத்தர்தான் உள்ளே வர முடியும், நாம் இரண்டு பேரும் இடத்தை அடைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறோம்.

நான் பின்வாசல் வழியாகப் போகிறேன். வேப்பமரத்தடியில் நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது, துடைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வேன். அங்கேயிருந்து பார்த்தால் கதவு தெரியும்.

நீங்கள் இருப்பீர்களோ, வருவீர்களோ, உங்கள் இஷ்டம். அருணாதேவி எழுந்திருக்க மாட்டாள், இன்னும் பாதித் தட்டு இருக்கிறது, சூடாக. கதவைத் தட்டுகிறார்கள். தாழ்ப்பாள் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.