முழங்கை ஆழத்து வெப்பம்

முழங்கை ஆழத்தில் மணல் முப்பத்தைந்து டிகிரி காட்டியது. கடலாமை முட்டைகளைக் காக்கும் வேலிக்குள் மண்டியிட்டிருந்த காவல்காரி வெப்பமானிக் கம்பியை உருவித் துடைத்து மறுபடியும் செருகினாள். மாற்றமில்லை. இப்படியே இன்னும் ஒரு வாரம் போனால், பதினான்கு குழிகளில் உறங்கும் ஆயிரத்து ஐந்நூறு உயிர்களும் முட்டைக்குள்ளேயே வெந்துவிடும். மேலே ஒரு நிழல்வலை வேண்டும், அவ்வளவுதான். அதைத்தான் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வனவிலங்குப் பாதுகாப்புத் துறை கொடுத்த படிவத்தில் வெப்பத்திற்கென்று ஒரே ஒரு கட்டம் இருந்தது: காலை ஆறு மணிக்கு மேல்மணலின் அளவு. குளிர்மழைக்கு அஞ்சிய காலத்தில் வரைந்த படிவம் அது. விடியலில் மணல் சில்லிட்டால் வைக்கோல் மூட வேண்டும் என்பது அன்றைய கவலை. கடலே காய்ச்சல் கண்ட பின்னும் கட்டம் மாறவில்லை. ஆறு மணி மேல்மணல் இருபத்தேழு என்றே சாதித்தது. ஆழத்து அளவை அவள் ஓரத்தில் எழுதுவாள்; அலுவலகத்தில் அதன்மேல் சிவப்புக் கோடு விழும்.

கோடு போடுபவர் அவளுடைய அக்காள் கணவர்தான், துறையின் எழுத்தர். கிடங்குச் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கியது. அன்று அவர் மேசைமேல் படிவத்தை அறைந்தாற்போல வைத்தாள்.

"இருபத்தேழுன்னு நீயே போட்டிருக்க. அப்புறம் வலை எதுக்கு?"

"அது மேல்தோல் அத்தான். உள்ள கைய விட்டுப் பாருங்க, சுடுது."

"உள்ளன்னு ஒரு கட்டம் இல்லையேம்மா. ஓரத்துல எழுதினா கம்ப்யூட்டர் வாங்காது."

"பிள்ளைக்குக் காய்ச்சல்னா தலைமுடியத் தொட்டுப் பாத்துட்டு, ஜில்லுனு இருக்குன்னு சொல்லுவீங்களா?"

அவர் சிரித்தார். "சூடு ஏறினா குஞ்செல்லாம் பொண்ணாத்தான் பொறக்குமாம். பொறந்துட்டுப் போகட்டுமே."

"அக்காவுக்கும் மூணும் பொண்ணுதான். ஒண்ணையாவது இப்படி வெயில்ல போட்டீங்களா?"

சிரிப்பு அணைந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். "வலை கிடங்குல இல்ல. இயக்குநர் போன வாரமே எடுத்துக்கிட்டார்."

"எங்க?"

அவர் சன்னலைப் பார்த்தார்.

முற்றத்தில் கருத்தரங்கு நடந்துகொண்டிருந்தது. வாயில் வளைவில், துறையின் சின்னமாக ஓர் ஆமை மலையைச் சுமந்து நின்றது. மலை சுமந்த குலத்தின் மக்களுக்கு ஒரு முழ நிழலைச் சுமக்க ஆளில்லை. 'பருவநிலை மாற்றமும் நம் துறையும்' என்ற பதாகைக்கு எதிரே நாற்பது விருந்தினர் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் தலைக்குமேல், நான்கு மூங்கில்களில், புத்தம்புதிய பச்சை வலை.

"முன்கூட்டியே தகவமைவது நமது கடமை" என்று இயக்குநர் முழங்கிக்கொண்டிருந்தபோது அவள் முதல் கயிற்றை அறுத்தாள். ஆமைகளின் கழுத்தில் இறுகும் தூண்டில் நரம்புகளை அறுக்க அவள் வைத்திருந்த கத்தி அது. இரண்டாவது கயிறு, மூன்றாவது, நான்காவது. உச்சிவெயில் நாற்பது தலைகளிலும் ஒரே நொடியில் இறங்கியது.

"ஏய், யாரும்மா நீ? என்ன பண்ற?"

"வலைய எடுக்கறேன் சார். நீங்க பேசிட்டிருக்கற ஆமைக்குத்தான்."

"முடிய இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்கு!"

"ஒரு மணி நேரந்தானே, உக்காருங்க. அதுங்க நாப்பது நாளா உக்காந்திருக்கு. நிழலுக்கு எழுந்து போக அதுங்களுக்கு இன்னும் கால் வரல."

வலையைச் சுருட்டித் தோளில் போட்டு நடந்தாள். வேலியருகே முதல் முடிச்சைப் போடும்போது அத்தான் மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் ஒரு தாள்.

"உன்ன சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. உன் கையெழுத்த வாங்கிட்டு வரச் சொன்னார் இயக்குநர்."

"போடறேன். மொதல்ல இங்க கைய விடுங்க."

"எனக்கு எதுக்கு..."

"விடுங்க அத்தான்!"

அந்தக் குரலுக்கு அஞ்சியே அவர் மண்டியிட்டு, குழியின் ஓரமாக மணலைத் துளைத்தார். மணிக்கட்டு, முன்கை, முழங்கை. காய்ச்சல் கண்ட பிள்ளையின் உடம்புபோல் உள்ளே சுட்டது. கையை மெல்ல உருவிக்கொண்டார். அவளைப் பார்க்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டு, வலையின் மறுமுனையைப் பிடித்தார்.

நான்காம் நாள் ஆழத்து வெப்பம் முப்பத்து மூன்றுக்கு இறங்கியது. அடுத்த வாரத்துக்குள் ஒன்பது குழிகளிலிருந்து குஞ்சுகள் அலையை நோக்கி ஓடின. ஐந்து குழிகள் அசையவே இல்லை.

பணியிடை நீக்கத்தில் இருந்த அவள் அந்த ஐந்தையும் தோண்டினாள். மஞ்சளாய்ச் சுருங்கி நாறிய முட்டைகளைக் கூடைகளில் அள்ளினாள். அத்தான் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டார். இயக்குநரின் குளிரூட்டிய அறைக்குள், கருத்தரங்கின் அறிக்கை விரிந்திருந்த மேசைமேல், அவற்றைக் கவிழ்த்தாள்.

இயக்குநர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார். அவள் வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து அவர் முன் நீட்டினாள்.

"ஐந்நூத்து முப்பது சார். எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு நீங்களே சொல்லுங்க."