பழைய மாத்திரை

ஆம்பூர் தோல் ஃபேக்டரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்த தணிகைவேலுக்கு வலது பாதத்தில் முள் குத்தி, புண்ணாகி, புண்ணில் ஓட்டை விழுந்து, ஓட்டையிலிருந்து கடுகு மாதிரி கறுப்புக் குருணை கொட்டத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் அதைப் பூஞ்சை என்றார்கள். எட்டு மாதம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். வாந்தி எடுத்ததுதான் மிச்சம். காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்ற பேச்சு வந்தபோது, எண்பத்து நாலு தை மாதத்தில், டாக்டர் ரஃபத் ஜஹான் புது மாத்திரை ஒன்றை எழுதினார். கூடவே பழையதையும் எழுதினார்.

அவன் மனைவி அமிர்தவள்ளிக்கு அங்கேதான் உறுத்தியது. கோயில் பிரசாதத்தையே முகர்ந்து பார்த்துவிட்டு வாயில் போடுகிறவள் அவள். டாக்டர் ஏதோ விளக்கினார். அவள் காதில் வாங்கவில்லை. புதுசு நல்ல மருந்தென்றால் பழசு எதற்கு? பழைய குருடி கதவைத் திறடி என்று அதையே ஏன் தலையில் கட்டுகிறார்கள்? மிஞ்சிக் கிடப்பதை ஏழை வயிற்றில் கொட்டித் தீர்க்கிறார்கள் என்று முடிவு கட்டினாள்.

தணிகைவேல் வெளியே பெஞ்சில் இருந்தான். அவனுக்கு எழுத்து வாசனை கிடையாது.

"இன்னா சொன்னாங்க?"

"புதுசு ஒண்ணுதான். பழசு வாணாமாம்."

"அப்பாடா, வயிறு பொழச்சுது."

மூன்று மாதம் புதியதை மட்டும் கொடுத்தாள். பழையதைச் சாக்கடையில் போட்டாள். வாந்தி நின்றதும் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். புண் மட்டும் கணுக்கால் வரை ஏறியது.

மறுபடி போனபோது டாக்டர் இருவரையும் எதிரே உட்காரவைத்தார். இந்த முறை சந்தேகம் அவர் முகத்தில் இருந்தது.

"ரெண்டு மாத்திரையும் தினம் சாப்பிட்டாரா?"

"சாப்ட்டாருங்க," என்றாள் அமிர்தவள்ளி சட்டென்று.

தணிகைவேல் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"உங்க கால்ல இருந்து எடுத்த பூஞ்சைய பாட்டில்ல வளத்துப் பாத்தோம்," என்றார் டாக்டர். "பழைய மருந்தை அது மதிக்கல. புதுசு தனியா அதை ஒண்ணும் பண்ணல. ரெண்டும் சேந்தப்போ செத்துப்போச்சு. புதுசு அதோட தோலை இளக்கும், பழசு உள்ள போய்க் கொல்லும். கால்ல ஏன் கேக்கலன்னு தெரியல. வியாழக்கிழமை எடுத்துடலாம்."

சுண்ணாம்புக் குழிக்காரனுக்கு அது உடனே விளங்கியது.

"தோலை சுண்ணாம்புல ஊறவெச்சிட்டு சொரண்டாம வுட்டா மயிரு அப்படியேதான் நிக்கும்," என்றான். பேச்சு டாக்டரிடம், பார்வை மனைவி மேல்.

வாயை மூடிக்கொண்டால் அமிர்தவள்ளியின் மானம் தப்பும், அவன் கால் போகும்.

"நான்தாங்க பழசைக் குடுக்கல," என்றாள். அவமானம் பிடுங்கித் தின்றது.

டாக்டர் திட்டவில்லை. ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். அன்றிலிருந்து இரண்டு மாத்திரையும் உள்ளே போயின. மெல்ல மெல்லக் குருணை கொட்டுவது நின்றது. ஆடி பிறப்பதற்குள் ஓட்டைகள் வறண்டன. கால் தப்பிவிட்டது, மாத்திரையை மட்டும் நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது அமிர்தவள்ளி சந்தோஷத்தில் அங்கேயே அழுதுவிட்டாள்.

அன்று சாயங்காலம் மாத்திரை அட்டை இரண்டையும் சொம்புத் தண்ணீரோடு புருஷனிடம் நீட்டினாள். அவன் வழக்கம்போலக் கையை நீட்டவில்லை.

"பக்கத்து வூட்டு சைரா டீச்சரைக் கூப்டு. அட்டையில இருக்குற பேரைப் படிச்சிச் சொல்லட்டும்."

"இன்னைக்குமா?"

"இன்னைக்கும்தான்."

அமிர்தவள்ளி மதில் பக்கம் போய் சைராவைக் கூப்பிட்டாள்.