அடிக்க வேண்டிய இடம்

"வாங்கண்ணே" என்று கோகிலன் சொல்லி முடிக்கவில்லை, கன்னத்தில் அறை விழுந்தது. மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஏழு வருடமாகக் கல்லாவில் நிற்பவன் அவன். அடித்தவர் ஹார்ட்வேர் கடை வைரவன், வாரம் தவறாமல் அங்கே எண்ணெய் போடுகிறவர். கவுண்டர் கதவை உதைத்துத் திறந்து உள்ளே வந்து அவன் சட்டையைப் பிடித்தார்.

"ஒம்பதாயிரம் வெள்ளி காசு போச்சுடா. என் கார்ட எவன்கிட்ட வித்த?"

கோகிலனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் விழித்ததையே திருட்டு முழி என்று எடுத்துக்கொண்டார் மனுஷன். முகத்தில் குத்தினார், விழுந்தவனை வயிற்றில் மிதித்தார். அதுவும் போதாதென்று காருக்கு ஓடி, ஸ்டீயரிங்கைப் பூட்டும் இரும்புக் கம்பியை எடுத்துவந்து வீசினார். அது அவன் வலது கண்மேல் இறங்கியது. பிஸ்கட் அடுக்கு சரிந்து தரையெல்லாம் ரத்தம். வரிசையில் நின்றவர்கள் கைப்பேசியில் படம் பிடித்தார்களே தவிர, ஒருத்தரும் வைரவன் கையைப் பிடிக்கவில்லை. வெட்கங்கெட்ட ஜனம்.

நடந்தது இதுதான். முந்தின நாள் மத்தியானம் வைரவனுக்கு ஓர் அழைப்பு வந்தது. வங்கி என்றால் மலாயில் பேசுவார்கள், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் பேசுவார்கள். இவன் தமிழில் பேசினான். "அண்ணே, பேங்க்லேர்ந்து பேசுறேன். நீங்க கார்டு குடுத்த கடையில எவனோ காப்பி எடுத்துட்டான். இப்ப ஒரு நம்பர் வரும், சொல்லுங்க, உடனே பிளாக் பண்ணிடலாம்லா" என்றான். நம்ம பையன் என்று உருகிப்போய், வந்த ஆறு எண்களையும் நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார் வைரவன். மறுநாள் காலை பார்த்தால் அவர் கணக்கில் யாரோ விலையுயர்ந்த கைப்பேசிகள் வாங்கியிருந்தார்கள். அப்போதும் அழைத்தவன்மேல் சந்தேகம் வரவில்லை. கடைசியாகத் தன் கார்டைக் கையில் வாங்கியது கோகிலன் என்று ஞாபகம் வந்ததும் நேரே அங்கே போய்விட்டார்.

போலீஸ் வைரவனைப் பிடித்துப்போனது. நிலையத்தில் அவர் மனைவி செகப்பிதான் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். எண் வந்த அதே செய்தியில், இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் இருந்தது.

"நம்பர மட்டும் படிச்சீங்களா? கீழ எழுதியிருக்கறத யாரு படிப்பா?" என்று கேட்டாள். "வீட்டுச் சாவிய நீங்களே திருடன்கிட்ட குடுத்துட்டு, புள்ளகுட்டிக்காரன் கண்ண கெடுத்துட்டீங்க."



ஜாமீனில் வந்ததும் மருத்துவமனைக்குப் போனார். வலது கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்டர் அன்று காலைதான் சொல்லியிருந்தார். கோகிலனின் மனைவி தினேஸ்வரி வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து கோகிலன்தான் விடச் சொன்னான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார் வைரவன். எவன் கேட்டாலும், தமிழிலேயே கேட்டாலும், அந்த எண்ணைத் தான் சொல்லியிருக்கக் கூடாது என்றார். கோர்ட்டிலும் இதைச் சொல்லி, கொடுக்கிற தண்டனையை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்.

கோகிலன் கட்டுப்போட்ட முகத்தை மெல்லத் திருப்பினான்.

"பேங்க்காரன் எவனும் அந்த நம்பரக் கேக்க மாட்டாண்ணே. கேட்டா அவன் திருடன், போன வச்சிடணும். காசு போயிட்டா உடனே பேங்குக்குச் சொல்லணும். ஏமாந்தவங்களுக்குன்னே 997னு ஒரு போன் லைன் இருக்கு. நீங்க அதுக்கு அடிச்சிருக்கணும். என்னை அடிச்சிட்டீங்க."