எக்ஸும் எக்ஸ் பிளஸ் ஒன்றும்

1

இந்தக் கதை எனக்குப் பாண்டி பஜாரில், ஒரு மாடிப்படியில் கிடைத்தது. 1996 மே மாத வெயிலில், ரவிக்கைக்கு மேட்சிங் துணி தேடிப் போயிருந்தேன். கடைக்கு மேலே கம்ப்யூட்டர் சென்டர். படியிறங்கி வந்த இரண்டு பெண்களில் ஒருத்தி கோபமாகக் கேட்டாள்:

"எக்ஸும் எக்ஸ் பிளஸ் ஒண்ணும் எப்படிடீ* சமமாகும்?"

குடும்பக் கதை எழுதுகிறவள் நான். எந்தச் சண்டை காதில் விழுந்தாலும் மாமியார் எங்கே என்று தேடுவேன். இதில் மாமியாரே இல்லை. துணியை மறந்து வீட்டுக்கு ஓடிவந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'நீரஜாவின் மூக்குத்தியில் அந்தி வெயில்—'

வேண்டாம். அவள் கணக்கு விரிவுரையாளர்.

மறுபடி: மயிலாப்பூரில் ஒரு பெண்கள் கல்லூரி. (தேடாதீர்கள். நேற்று நான் கட்டியது, சிமெண்டே காயவில்லை.) வங்கியும் தொழிற்சாலையும் கம்ப்யூட்டர் தெரிந்த பெண்களைத்தான் கேட்கின்றன. அதனால் ஜூனிலிருந்து கணக்குப் பாடத்தில் பாதி கம்ப்யூட்டர் பாடமாகிறது. முதல்வர் நீரஜாவைக் கூப்பிட்டார்.

"நீங்கதான் எடுக்கணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, வெளியிலேர்ந்து ஆள் போட்டுக்கறேன்."

நீரஜா இன்னும் நிரந்தரமாகாதவள். வெளியாள் வந்தால் அவள் வெளியே.

"எடுக்கறேன் மேடம்" என்றாள். அதுவரை அவள் கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை.

3

யாருக்கும் சொல்லாமல் அந்த சென்டரில் சேர்ந்தாள். ஒரு மிஷினுக்கு இரண்டு பேர். பக்கத்து நாற்காலியில் அவளுடைய சொந்த மாணவி கீர்த்தி, தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் மகள். கீர்த்தி அதே பாடத்தை இரண்டாம் முறை படிக்கிறாள். முதல் முறை ஏ.ஸி.யில் தூங்கிவிட்டாளாம்.

"மேடம், நீங்களா!"

"மெதுவா பேசு. இங்கே நான் மேடம் இல்லை."

"அப்ப அக்காவா?"

"முதல்ல கீபோர்டைக் குடு."

(பாடம் நடத்தும் ராகேஷைக் கதாநாயகனாக்கப் பார்த்தேன். 'அவன் கண்கள் அவளைச் சந்தித்த அந்த—' அடித்துவிட்டேன். அவள் திரையைவிட்டுக் கண்ணெடுத்தால்தானே! பாவம், அடுத்த நாவலில் அவனுக்கு ஒரு கல்யாணம் செய்து வைக்கிறேன்.)

திரையில் x = x + 1 என்று இருந்தது.

"தப்பு" என்றாள் நீரஜா. "ரெண்டு பக்கமும் எக்ஸைக் கழிச்சுப் பாரு. பூஜ்யமும் ஒண்ணும் சமம்னு வரும்."

கீர்த்தி சிரிப்பை அடக்கினாள். "இங்கே படிச்ச பழக்கத்துல, மார்ச் டெஸ்ட்ல இதையே எழுதிட்டேன். முட்டை போட்டு கிளாஸ் முழுக்கக் காட்டினீங்களே."

அந்தச் சண்டைதான் படிவரை வந்தது. என் காதில் விழுந்த நீரஜாவின் கேள்விக்குக் கீர்த்தி சொன்ன பதில் இது:

"சமம்னு யார் சொன்னா? அது 'ஆகட்டும்' மேடம். இருக்கற எக்ஸ், ஒண்ணு கூடின எக்ஸா ஆகட்டும்."

நீரஜா படியிலேயே நின்றுவிட்டாள். "அப்ப பழசு?"

"அதுவும் உள்ளேதானே இருக்கு."

"இதை ஏண்டீ அன்னிக்கே சொல்லலை?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

4

ஜூன். முதல் வகுப்பு. கடைசி பெஞ்சில் முதல்வர். நீரஜா கரும்பலகையில் x = x + 1 என்று எழுதுகிறாள். ஒருத்தி எழுந்து கேட்கிறாள்:

"மேடம், இதுக்குத்தானே கீர்த்திக்கு முட்டை போட்டீங்க?"

முடிவு அ: "அது கணக்கு, இது கம்ப்யூட்டர். உட்காரு." சரியான பதில்தான். எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு ஆ: கீர்த்தி எழுந்து, "நான்தான் தப்பா எழுதினேன்" என்று காப்பாற்றுகிறாள். வாசகிகள் அழுவார்கள். ஆனால் அது பொய்.

முடிவு இ: நீரஜா சாக்பீஸை நீட்டுகிறாள். "கீர்த்தி, வா. எனக்கு நீ சொன்னதை இவங்களுக்கும் சொல்லு."

முதல்வர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்கிறார். பாடம் தெரியாத ஆசிரியையைப் பார்க்கிறாரா, ஒன்று கூடின ஆசிரியையையா? கீர்த்தி பாதி எழுந்துவிட்டாள். இதற்கு மேல் என்னால்—

கதை = கதை + 1.

அந்த ஒன்று உங்களுடையது. கடை சாத்துவதற்குள் நான் மேட்சிங் வாங்கியாக வேண்டும்.

* ஆசிரியை மாணவியை 'டீ' போடலாமா என்று கடிதம் எழுதாதீர்கள். ஒரே கீபோர்டுக்கு அடித்துக்கொண்டவர்கள், போட்டுக்கொள்ளட்டும்.